யாருக்காக எடுத்து வைத்தது? செந்தூல் வீடு ஒன்றை ஒழுங்குபடுத்திய நிகழ்வு ஆய்வு

## பின்னணி

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு பழைய தொடர்வீட்டு வரிசை. அதில் மாடியில்லாத ஒரு வீடு. 20 அடி அகலம், 65 அடி நீளம், மூன்று அறை, பின்னால் துணி காயப்போடும் அளவுக்கு ஒரு கொல்லை. அந்த வீட்டில் 74 வயது அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். கணவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மூத்த மகள் பூச்சோங்கில், மகன் ஷா ஆலமில், இளைய மகள் ஜொகூர் பாருவில்.

கணவன் மனைவி இருவருமே கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அம்மா 13 வயதில் பால் வெட்டப் போனவர். பிள்ளைகள் பிறந்தபின் நகரத்துக்கு வந்தார்கள். கணவர் லோரி ஓட்டினார், அம்மா கேண்டீனில் சமைத்தார். தவணை கட்டி வாங்கிய வீடு இது.

நான் பதினோரு ஆண்டுகளாக வீடுகளை ஒழுங்குபடுத்தித் தரும் வேலை செய்கிறேன். துணைக்கு இரண்டு பெண்கள் வருவார்கள். பெரும்பாலும் வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகள்தான் எங்களைத் தேடி வருகின்றன. குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விலக்கியிருக்கிறேன்.

மூத்த மகள் என்னை அழைத்ததற்கு இரண்டு காரணங்கள். மார்ச் மாதம் அம்மா இரவில் குளியலறைக்குப் போகும்போது நடையில் அடுக்கியிருந்த பைகளில் கால் சிக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் மணிக்கட்டு வீங்கி மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தார். ஏப்ரலில் சுகாதார அதிகாரிகள் வரிசையாக வீடுகளைச் சோதித்தபோது கொல்லையில் கொசுப்புழு கிடைத்தது. 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதம். மகள் கட்டினார். "இதுக்கு மேல முடியலக்கா" என்றார் தொலைபேசியில்.

அப்புறம் இன்னொன்றும் சொன்னார். முந்தைய ஆண்டு அம்மா ஈப்போவில் தங்கை வீட்டுக்கு நான்கு நாள் போயிருந்தபோது, பிள்ளைகள் மூவரும் சேர்ந்து லோரி பிடித்து வீட்டில் பாதியைக் காலி செய்திருக்கிறார்கள். அம்மா திரும்பி வந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. இரவு சாப்பிடவில்லை. போன பொருள்களில் துருப்பிடித்த வாளி ஒன்று. அதற்குள் துண்டில் சுற்றி, கணவர் தோட்டத்தில் பால் வெட்டிய உளி இருந்திருக்கிறது. அது யாருக்கும் தெரியாது. அன்றிலிருந்து நடு அறை பூட்டப்பட்டது. சாவி அம்மாவின் இடுப்பில். பூட்டிய அறை போக மிச்ச வீடு முன்னைவிட வேகமாக நிரம்பியது.

அம்மாவின் பிடிவாதத்துக்கு எடுத்துக்காட்டாகத்தான் மகள் இதைச் சொன்னார். எனக்கு அது வேறு மாதிரி கேட்டது. தனக்குத் தெரியாமல் பொருள் போகும் என்று ஒருமுறை அனுபவித்தவர், கையில் கிடைத்ததையெல்லாம் இறுகப் பிடித்துக்கொள்கிறார்.

## முதல் வருகையில் கண்டது

முதல் நாள் எதையும் தொடுவதில்லை என்பது என் வழக்கம். கோப்பி குடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் பேசினேன், அளந்தேன், எழுதினேன்.

அம்மாவின் அறையிலிருந்து குளியலறைவரை உள்ள நடை மூன்றடி அகலம். அதில் நடக்க மிஞ்சியிருந்தது 16 அங்குலம். நடை விளக்கு எரியவில்லை. குளியலறை வாசலில் அவர் பிடித்து ஏறுவது துண்டு போடும் கம்பியை. அது இரண்டு திருகாணியில் ஆடிக்கொண்டிருந்தது.

சமையலறையில் ஐஸ்கிரீம் டப்பா, மைலோ டின், பிஸ்கட் டின் என்று 212 கொள்கலன்கள். அவற்றில் மூடி பொருந்தியவை 90க்குள்தான். கேண்டீனில் சமைத்த காலத்து அண்டாக்கள் அடுப்புக்குக் கீழே. கொல்லையில் பூச்சட்டி, வாளி, பழைய டயர், உடைந்த சலவை இயந்திரம்.

பெரிய பொருள்களை மட்டும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றும் யாருடையது என்று அம்மாவிடம் கேட்டுப் பக்கத்தில் எழுதினேன். மொத்தம் 138. அவற்றில் 71 அம்மாவுடையவை அல்ல. மகனின் கல்லூரிப் புத்தகங்கள், ஓடுபொறி (டிரெட்மில்), இரண்டு பிரிண்டர். மூத்த மகளின் குழந்தைத் தொட்டில், நடைவண்டி. இளைய மகளுக்குக் கல்யாணத்தில் வந்த, பிரிக்கவே பிரிக்காத கண்ணாடிச் சாமான் பெட்டிகள். கொழுந்தனாரின் வேலைப்பெட்டி. தெருக்கோடிக் கோயில் திருவிழா நாற்காலிகள் இருபது.

இந்தப் பட்டியலை அன்று மாலை பிள்ளைகள் மூவருக்கும் அனுப்பினேன். "அம்மா சேர்த்து வைத்த குப்பை" என்ற பேச்சு அதன்பின் குறைந்தது.

ஒரு விஷயத்தை முதலிலேயே கவனிக்க வேண்டும். பொருளைப் பிரிய முடியாமல் தவிப்பது சிலருக்கு நோய். 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு அதைத் தனிக் கோளாறாகவே வகைப்படுத்தியது. அப்படிப்பட்ட வீட்டில் என்னைப் போன்றவர்கள் முதலில் கை வைக்கக் கூடாது, மருத்துவர்தான் தொடங்க வேண்டும். இந்த அம்மா அப்படியல்ல. கெட்டுப்போன உணவை அவரே எடுத்துப் போடுகிறார். அன்றைக்கே மூன்று பை துணியைப் பக்கத்து வீட்டுப் பணிப்பெண்ணுக்குத் தாமாக எடுத்துக் கொடுத்தார். எங்கே போகிறது, யார் உடுத்துவார் என்று தெரிந்தால் அவருக்குக் கை நீள்கிறது. அதைக் குறித்துக்கொண்டேன். அதன் அர்த்தம் எனக்கு முழுதாகப் புரிய ஒரு மாதம் ஆனது.

## வழியும் தண்ணீரும்

முதல் வாரத்தில் இரண்டே வேலை: அவர் மறுபடி விழக் கூடாது, கொசு வளரக் கூடாது. இரண்டிலும் மனத்தைத் தொடும் முடிவு எதுவும் இல்லை. அதனால்தான் அவற்றை முதலில் வைத்தேன்.

அம்மாவிடம் ஒரு வாக்குக் கொடுத்தேன்: "இந்த வாரம் வீட்டுக்குள்ள இருக்கிற ஒரு பொருளும் வாசல் தாண்டாதும்மா." நடையில் இருந்ததை எல்லாம் கூடத்துச் சுவரோரம் அடுக்கினோம். கூடம் முன்னைவிட மோசமாகத் தெரிந்தது. மகனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நடை மூன்றடி முழுதாகத் திறந்தது. ஆள் நடந்தால் தானே எரியும் விளக்கு இரண்டு போட்டோம். துண்டுக் கம்பியைக் கழற்றிவிட்டு, எடை தாங்கும் கைப்பிடியைச் சுவரில் துளையிட்டுப் பொருத்தினோம். குளியலறை வாசலில் சுருண்டு கிடந்த கால்மிதியை எடுத்துவிட்டு, அடியில் ரப்பர் உள்ளதைப் போட்டோம்.

கொல்லையில் தண்ணீர் தேங்கக்கூடியவை 23. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். முட்டை காய்ந்த பாத்திரத்தின் ஓரத்தில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இதை அம்மாவுக்குச் சொன்னபோது அவரே தேங்காய் நாரோடு உட்கார்ந்துவிட்டார். டயரும் சலவை இயந்திரமும் மட்டும் போயின, அவர் சம்மதத்தோடு. அதிகாரிகள் பார்க்காத ஓர் இடத்தில் நாங்களும் புழு கண்டோம்: ஐஸ் பெட்டியின் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு. பல வீடுகளில் அது இருப்பதே யாருக்கும் தெரியாது.

வாக்குக் காப்பாற்றப்பட்டது என்பதை அம்மா வார முடிவில் எண்ணிப் பார்த்தே உறுதி செய்துகொண்டார். அதன் பிறகுதான் நடு அறையின் சாவி இடுப்பிலிருந்து வெளியே வந்தது.

## காகிதங்கள்

நடு அறையில் என்ன எடுக்கலாம் என்று நான் கேட்கவில்லை. "ரொம்ப நாளா தேடி எது கிடைக்கலம்மா?" என்று கேட்டேன். உடனே பதில் வந்தது: வீட்டு கிராண்ட், அதாவது வீட்டின் உரிமைப் பத்திரம்.

அறையில் காகிதம் எங்கும் இருந்தது. ஒன்பது பிஸ்கட் டின், இரண்டு சூட்கேஸ், மெத்தைக்கு அடியில், சாமிப் படங்களுக்குப் பின்னால். மூன்று காலை நேரம் அதற்கே போனது. மின்கட்டணச் சீட்டு, மீட்டு முடித்த அடகு ரசீது, பேரங்காடிக் கூப்பன், பிள்ளைகளின் தேர்ச்சி அட்டை எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே கிடைத்தவை: கணவரின் மரணச் சான்றிதழ், அம்மாவின் பெற்றோரது சிவப்பு (நிரந்தரவாசி) அடையாள அட்டைகள், குடியுரிமைப் பத்திரம், மூன்று வங்கிப் புத்தகங்கள், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் புத்தகம் ஒன்று.

இந்தக் கடைசிப் புத்தகத்தைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்த காலத்தில், தோட்டங்களைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்க 1960இல் அன்றைய அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கியது அந்தச் சங்கம். சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிப் பங்கு வாங்கியவர்கள் ஏராளம். அவர்கள் பிள்ளைகள் பலருக்கு அப்படி ஒரு பங்கு இருப்பதே தெரியாது. இந்த வீட்டிலும் தெரிந்திருக்கவில்லை. முந்தைய ஆண்டு லோரியில் இந்தக் காகிதங்களும் போகாதது இவர்கள் நல்ல காலம்.

வங்கிப் புத்தகங்களில் இரண்டு கணவர் பெயரில். ஏழு ஆண்டு எந்தப் பரிமாற்றமும் நடக்காத கணக்குப் பணம், 1965ஆம் ஆண்டின் கோரப்படாத பணச் சட்டப்படி கணக்காயர் துறையின் பதிவாளரிடம் போய்விடும். போனாலும் தொலையாது. வாரிசு உரிய பத்திரங்களோடு கேட்டால் கிடைக்கும். அதற்கு இந்தப் பழைய புத்தகமும் மரணச் சான்றிதழும் கையில் இருப்பது பெரிய உதவி.

காகிதங்களின் நிலை பரிதாபம். ரப்பர் வளையங்கள் உருகித் தாளோடு ஒட்டியிருந்தன, ஊக்குகள் துருவேறியிருந்தன, இராமபாணப் பூச்சி ஓரங்களைத் தின்றிருந்தது. மகன் எல்லாவற்றையும் லேமினேட் செய்துவிடலாம் என்றார். வேண்டாம் என்று தடுத்தேன். சூடும் பசையும் பழைய தாளைக் கெடுக்கும், ஒட்டியதைப் பிரிக்க வழி கிடையாது, கடை ரசீது போன்ற வெப்பத்தாள் கறுத்தே போய்விடும். ஊக்கையும் ரப்பரையும் எடுத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் படம் எடுத்துவிட்டு, தனித்தனி உறையில் போட்டு, தரையிலிருந்து உயரமான அலமாரியில் வைத்தோம்.

மூன்றாம் காலை கிராண்ட் கிடைத்தது. சாமிப் படம் ஒன்றின் பின்னட்டைக்குள் கணவரே செருகி வைத்திருக்கிறார். அம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், மடித்து ரவிக்கைக்குள் வைத்தார். "இன்னிக்குப் போதும்மா" என்றார்.

அடுத்த நாள் நாங்கள் போனபோது கிரில் கதவு திறக்கவில்லை. தலைவலி என்றார். அதற்கடுத்த நாளும் அப்படியே.

## நிறுத்தி வைத்த இரண்டு வாரம்

துணைக்கு யாரும் இல்லாமல் நான் மட்டும் மாலையில் போனேன். வாசல் திண்ணையில் உட்காரச் சொன்னார். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார்: "வீட்ட சுத்தம் பண்ணிட்டா படம் புடிச்சுப் போட்டு வித்துருவாங்கம்மா. இவ்வளவு சாமான் இருந்தா யாரு வந்து பாப்பா?"

அதுவரை நான் போட்டிருந்த கணக்கு தவறு என்று அப்போது புரிந்தது. கூடத்தை அடைத்துக் கிடந்த பொருள்கள் அவருக்கு ஒரு பூட்டு. நடுவில் பிள்ளைகள் வீட்டை விற்பதைப் பற்றி உண்மையிலேயே பேசியிருக்கிறார்கள், அம்மா தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு.

வேலையை நிறுத்தினேன். வீடு யாருடையது, அம்மா எங்கே இருக்கப் போகிறார் என்பது தீராமல் ஒரு டப்பாவைக்கூட நகர்த்துவதில் பொருளில்லை என்று பிள்ளைகளிடம் சொன்னேன். இது என் வேலை அல்ல என்று மகன் கருதினார். பாதி நியாயம்தான். நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு நடந்தே ஆக வேண்டும் என்று சொல்லக்கூடிய இடத்தில் நான்தான் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் வந்தார்கள். அவர்கள் ஏற்பாடு செய்த வழக்கறிஞர் விளக்கினார். கிராண்ட் இன்னும் இறந்தவர் பெயரில்தான் இருக்கிறது. உயில் இல்லை. தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர் உயிலின்றி இறந்தால் 1958ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டம் பொருந்தும். இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இல்லாமல் மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. இது போன்ற சிறு சொத்துக்கு நில அலுவலகத்திலேயே மனுப் போடலாம். வாரிசுகள் சம்மதித்தால் பங்கை ஒருவருக்கே விட்டுக்கொடுக்கவும் முடியும்.

மூன்று பேரும் தங்கள் பங்கை அம்மாவுக்கே விட முடிவெடுத்தார்கள். எளிதாக வந்த முடிவில்லை. மகனுக்குப் பணத்தேவை இருந்தது, அவர் அதை மறைக்கவும் இல்லை. இளைய மகள்தான் அம்மாவின் எதிரே உட்கார்ந்து, "நீங்க இருக்கிற வரைக்கும் இது உங்க வீடு. நாங்க விக்க மாட்டோம்" என்று நேரடியாகச் சொன்னார். மனு அந்த மாதமே போனது.

மறுநாள் காலை அம்மாவே என்னை அழைத்தார். "எப்ப வர்ற?"

## 'வேணுமா' என்ற கேள்வி

இனிமேல்தான் உண்மையான பிரிப்பு. தொடங்கிய முதல் மணி நேரம் தோல்வி. நான் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி "வேணுமாம்மா?" என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "இருக்கட்டும்." என் உதவியாளர் எண்ணியிருக்கிறார். 41 தடவை.

நம் வீடுகளில் அரிசி தீர்ந்துவிட்டால் தீர்ந்தது என்று சொல்ல மாட்டார்கள், நிறைந்திருக்கிறது என்பார்கள். விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்பார்கள். கிளம்பும்போது போகிறேன் என்றால் பெரியவர்கள் முகம் மாறும். இந்த நாக்கோடு வளர்ந்த ஒருவரிடம், அதுவும் பால்வெட்டுக் கூலியில் ஒவ்வொன்றாக வாங்கிய ஒருவரிடம், பொருளைக் காட்டி வேண்டாம் என்று சொல்லச் சொல்வது சின்னக் கேட்பு அல்ல. கையில் உள்ளதை வேண்டாம் என்றால் அது திரும்ப வராது என்ற பயம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

பணிப்பெண்ணுக்குத் துணி கொடுத்தது நினைவுக்கு வந்தது. கேள்வியை மாற்றினேன்: "இது யாருக்கும்மா?"

பதில்கள் கொட்டின. "சின்னவளுக்கு." "பேத்தி தனி வீடு போனா வேணும்ல." "இது உங்க ஐயாவோடது, யாருக்கும் இல்ல, எனக்குத்தான்." "மகன் மறுபடி படிக்கணும்னா?" அந்த வீட்டில் கிட்டத்தட்ட ஒவ்வொரு பொருளும் யாரோ ஒருவருக்காகக் காத்திருந்தது. சம்பந்தப்பட்டவருக்குத்தான் அது தெரியவில்லை.

அதன்பின் முறை இப்படி அமைந்தது. யாருக்கு என்று அம்மா சொல்கிறாரோ அவருக்கு அங்கேயே படம் எடுத்து அனுப்புவோம். அன்றைக்குள் அவர் குரல் பதிவாகப் பதில் சொல்ல வேண்டும். வேண்டும் என்றால் ஆறு வாரத்துக்குள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். தேவையில்லை என்றால் அடுத்து யாருக்கு என்று அம்மா முடிவு செய்வார். வேண்டாம் என்ற சொல்லை அம்மா ஒருமுறைகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மகனின் முதல் பதில், "குப்பைம்மா அது, தூக்கிப் போடுங்க." அம்மா பெட்டியை மூடிவிட்டார், அன்று வேலை முடிந்தது. இரவு மகனோடு பேசினேன். மறுநாள் பதில் மாறியது: "எனக்கு இருக்கும்மா. யாருக்காச்சும் உதவும்னா குடுங்க." இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான். ஆனால் இரண்டாவதைக் கேட்டு அம்மா அந்தப் புத்தகங்களைத் தாமே கயிறு போட்டுக் கட்டினார். நாங்களும் எங்கள் பேச்சில் 'தூக்கிப் போடு', 'கழி' இரண்டையும் விட்டோம். 'அனுப்பி வைப்போம்' என்றோம். பொய் இல்லை, உண்மையில் அனுப்பித்தான் வைத்தோம்.

## நான் செய்த தவறு

மேமாதக் கடைசியில் சமையலறை. இங்கே இரண்டு தவறுகள், இரண்டும் என்னுடையவை.

மகன் எழுத்து அச்சிடும் கருவி கொண்டுவந்து டப்பாக்களில் அழகாக மலாயில் பெயர் ஒட்டினார். நானும் ஒத்துக்கொண்டேன். ஒரே வாரத்தில் எல்லா டப்பாவும் திறந்து கிடந்தன. அம்மா தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார், மலாய் பேசுவார், வாசிக்கத் தெரியாது. மகனுக்கு முன்னால் அதைச் சொல்ல அவருக்குக் கூச்சம். பெயர்களைக் கிழித்துவிட்டு, மிளகாய், பருப்பு, கொத்தமல்லி என்று பெரிய தமிழ் எழுத்தில் பேத்தியை எழுத வைத்தோம். அடிக்கடி எடுப்பவற்றைக் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றினோம்.

இரண்டாவது தவறு ஆபத்தானது. எதை அடிக்கடி எடுப்பார் என்று நான் மூத்த மகளிடம் கேட்டு, அரிதானவற்றை மேல் தட்டில் வைத்தேன். இட்லிப் பானையும் மேலே போனது. அவர் மகள் வீட்டுக்குப் போகும் ஞாயிறுகளில்தான் இட்லி சுடுவதில்லை, மற்ற ஞாயிறுகளில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சுடுவார். மகளுக்கு அது தெரியாது. பானையை எடுக்க அம்மா பிளாஸ்டிக் முக்காலியில் ஏறியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துப் பதறி இறக்கிவிட்டார். விழுந்ததற்காக அழைக்கப்பட்ட வீட்டில், விழ நானே வழி செய்திருக்கிறேன். மறுநாள் காலை ஆறரைக்குப் போய், அவர் சமைப்பதை முழுதாக உட்கார்ந்து பார்த்தேன். கை எங்கெங்கே போகிறது என்று எழுதினேன். அதன்படி எல்லாவற்றையும் மாற்றி அடுக்கினோம். இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் தினசரிப் பொருள், கீழே கனமானவை, மேல் தட்டு காலி. அந்த முக்காலியை அவர் கையாலேயே கோயிலுக்குக் கொடுத்தார்.

## சேலை, படம், சாமி

பட்டுச் சேலைகள் 26. எல்லாம் பிளாஸ்டிக் உறையில், அந்துருண்டையோடு. கோலாலம்பூரின் ஈரக்காற்றில் பிளாஸ்டிக்குக்குள் வியர்த்துப் பூஞ்சணம் வரும். அந்துருண்டை நேரே பட்டால் ஜரிகை நிறம் மாறும். நிழலில் உலர்த்தி, பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றினோம். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றாவிட்டால் மடிப்பு விழுந்த இடத்திலேயே பட்டு வெடிக்கும். பெருநாள்களை ஒட்டி மடிப்பு மாற்றுவதாக அம்மா ஒப்புக்கொண்டார். பத்துச் சேலைகள் மகள்களுக்கும் பேத்திகளுக்கும் போயின, ஒவ்வொன்றும் எப்போது வாங்கியது என்ற கதையோடு.

ஒட்டும் தாள் வைத்த ஆல்பங்களில் படங்கள் பிடித்துக்கொண்டிருந்தன. பல் இடுக்கு நூலைப் படத்தின் அடியில் செலுத்தி மெல்ல அறுத்து எடுத்தோம். வராதவற்றை ஆல்பத்தோடே படம் எடுத்தோம். கண்ணாடியில் ஒட்டிப்போன கல்யாணப் படத்தைப் பிரிக்க முயலவில்லை, கண்ணாடியோடே விட்டோம்.

உடைந்த, பூச்சி அரித்த சாமிப் படங்கள் பதினான்கு. இவற்றைக் குப்பையில் சேர்க்க எந்த வீட்டிலும் மனம் வராது. சாலையோர மரத்தடியில் வைத்துவிட்டுப் போகிறார்கள், அது மழையில் நனைந்து இன்னும் மோசமாகிறது. கோயில் குருக்களிடம் கேட்டோம். அவர் சொன்னபடி கும்பிட்டு, கண்ணாடியையும் சட்டத்தையும் தனியே எடுத்துவிட்டு, தாளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து மல்லிகைச் செடியின் அடியில் புதைத்தாயிற்று. இந்த வேலையை அம்மா தனியாகவே செய்தார்.

அம்மி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

## எங்கே போயின

கோலாலம்பூரில் 2015 செப்டம்பர் முதல் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவது கட்டாயம். வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளும் தட்டுமுட்டுச் சாமானும். அந்த ஒரு நாளுக்கு ஏற்றவாறு அளவாக வெளியே வைத்தோம், வாசலில் குவிக்கவில்லை. லோரி என்றாலே அம்மாவுக்கு அந்த நான்கு நாள் நினைவு. பழைய தாளும் இரும்பும் தெருவில் ஒலிபெருக்கியோடு வரும் 'சூராட் கபார் லாமா' (பழைய செய்தித்தாள்) வண்டிக்கு, அம்மாவே விலை பேசி. காசும் அவருக்கே. அண்டாக்கள் கோயில் அன்னதானத்துக்கு. காலாவதியான மருந்து ஒரு பை நிறைய, அரசு கிளினிக் மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்தோம்.

## ஆறு மாதத்துக்குப் பிறகு

டிசம்பரில் மறுபடி போனேன். அம்மா விழவில்லை. நடை மூன்றடியாகவே இருக்கிறது. அதிகாரிகளின் அடுத்த சோதனையில் எதுவும் கிடைக்கவில்லை. நடு அறையில் பூட்டு இல்லை, பள்ளி விடுமுறையில் பேத்தி அங்கே தங்கியிருந்தாள். டப்பாவுக்கு ஒரே ஒரு தட்டு, 30க்கு மேல் கூடாது என்று பேசியிருந்தோம். எண்ணினேன், 37. பேத்தி ஏழு டப்பாவை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குப் பலகாரம் போட்டு அனுப்பினாள்.

நில அலுவலக விசாரணை முடிந்து, வீடு அம்மா பெயருக்கு மாறும் கட்டத்தில் இருக்கிறது. வங்கிப் பணத்துக்கும் கூட்டுறவுப் பங்குக்கும் விண்ணப்பம் போயிருக்கிறது, இன்னும் பதில் வரவில்லை.

ஓடுபொறி அங்கேயேதான் இருக்கிறது. ஆறு வாரம் என்று சொன்ன கெடு ஏழு மாதமாகிவிட்டது. மகன் இடம் இல்லை என்கிறார். அம்மா அதில் துண்டு காயப்போடுகிறார்.

மூத்த மகள் எங்கோ தேடி ஒரு பால்வெட்டு உளியை வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அவரோடது இல்ல" என்றாராம். ஆனாலும் அதைச் சாமி மேடைக்குக் கீழே வைத்திருக்கிறார். மகள் இதை என்னிடம் சொன்னபோது அழுதார். அந்த லோரி நாளை நாங்கள் எதைச் செய்தும் திருப்ப முடியவில்லை.

## மறுபடி இப்படி ஒரு வீடு வந்தால்

வீடு யார் பெயரில், அதைப் பற்றி என்ன பேச்சு நடக்கிறது என்பதை முதல் தொலைபேசி உரையாடலிலேயே கேட்பேன். இங்கே அதைக் கேட்காததால் இரண்டு வாரமும், அம்மாவின் பல இரவுத் தூக்கமும் போயின. பிள்ளைகள் தங்கள் பொருளை எடுத்த பிறகே அம்மாவின் பொருளைத் தொடுவேன். 71 பொருள் கிளம்பியிருந்தால் மிச்சத்துக்கு இடப்பிரச்சினையே பாதி இருந்திருக்காது, ஓடுபொறியும் இப்படி நின்றிருக்காது. சமையலறையில் கை வைக்கும் முன் ஒரு காலை முழுதும் பார்ப்பேன், அதுவும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து.

இன்னொன்று. யாருக்கு என்று கேட்டபோது அம்மா ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கதை சொன்னார். பிள்ளைகளின் பதிலைக் குரல் பதிவாக வாங்கிய நான் அம்மாவின் குரலைப் பதிவு செய்யவில்லை. பன்னிரண்டு கதைகளை மட்டும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன், இந்த விடுமுறையில் சேலைகளிலிருந்து தொடங்கச் சொல்லி.

அடுத்து நான் போவது பொங்கலுக்கு முந்தைய வாரம். சேலை மடிப்பு மாற்ற வேண்டும், ஐஸ் பெட்டியின் பின்தட்டைப் பார்க்க வேண்டும்.